ஹாரன் அடித்தால் யானை பரிசு

தப்பு செய்தால் திட்டு கிடைக்கும். ரோட்டில் செய்தால் அபராதமும் கிடைக்கும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான், பிள்ளைகளே. ஆனால் தப்பு செய்தவருக்கு இரண்டு கையாலும் பரிசு கொடுத்து, வாங்கியவரை ஒரு வாரம் தூங்க விடாமல் செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் விருத்தாசலத்தில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருந்தார். அவர்தான் மூளி அண்ணன்.

சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். அதை ரேஷன் கார்டு மட்டும்தான் சொல்லும். மற்றவர்களுக்கெல்லாம் அவர் மூளி அண்ணன்தான். காரணம் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பீங்கான் ஊர். நான் ஒரு பொம்மைச் சூளையில் வேலை பார்க்கிறேன். சூளையைத் திறக்கும்போது எல்லாப் பொம்மையும் ஒழுங்காக வெளியே வந்துவிடாது. யானைக்குக் காது போயிருக்கும். கிளிக்கு மூக்கு போயிருக்கும். இப்படி ஏதாவது ஒன்று குறைந்து வருவதை மூளி என்போம். மூளியை எந்தக் கடைக்காரரும் வாங்க மாட்டார். அதை ஆசை ஆசையாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு போகிற ஒரே ஆள் இவர்தான்.

அவர் ஓட்டியது சின்ன சரக்கு வண்டி. நம் பக்கத்தில் 'குட்டி யானை' என்று சொல்வோமே, அது. வைக்கோல் பரப்பி, அதன்மேல் கப்பும் சாசரும் பொம்மையும் அடுக்கி, பெண்ணாடம், திட்டக்குடி பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டு போவார். பீங்கான் ஏற்றினால் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால் அவர் காலி வண்டியையும் அப்படித்தான் ஓட்டுவார். ஏன் என்று கேட்டால், "வண்டிக்கு என்னடா தெரியும், இன்னிக்கு லோடு இருக்குதா இல்லையான்னு? ஒரு நாள் வேகமா போனா அது அதையே புடிச்சிக்கும்" என்பார். ஆடு குறுக்கே வந்தால் நிறுத்துவார். ஆடு நடு ரோட்டில் நின்று யோசித்தால், அது ஒரு முடிவுக்கு வரும்வரை காத்திருப்பார்.

இவ்வளவு மெதுவாகப் போகிறவர், பறந்துபோய்த் தப்பு செய்கிறவர்களை எப்படிப் பிடிப்பார் என்று கேட்பீர்கள். அங்கேதான் ரயில் கேட் வருகிறது. எங்கள் தெருவிலிருந்து சூளைப் பக்கம் போக வேண்டுமானால் அந்தக் கேட்டைத் தாண்டியே ஆக வேண்டும். எங்கள் ஊரோ ஜங்ஷன். கேட் கொஞ்ச நேரம் திறந்திருந்தாலே, 'என்னாச்சு, ரயில் ஸ்டிரைக்கா?' என்று ஜனங்கள் விசாரிப்பார்கள்.

"எவ்ளோ வேகமா போனாலும் அங்க வந்து நிக்கத்தானே வேணும்?" என்று சொல்லிக்கொண்டே மூளி அண்ணன் நிதானமாக வந்து சேருவார். வண்டியை ஓரமாக நிறுத்துவார். சாக்கில் கைவிட்டுத் துழாவிப் பொருத்தமான மூளி ஒன்றை எடுப்பார். வழியில் தப்பு செய்தவர் யாரோ அவர் முன்னால் போய், கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டுவார்.

"வெச்சுக்குங்க. உங்க வண்டிக்குப் பொருத்தமா இருக்கும்."

அவ்வளவுதான். திட்ட மாட்டார். ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வார்.

எதிரே வருகிறவர் கண் கூசும்படி லைட்டை எரியவிட்டு ஓட்டும் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு ஆந்தை கிடைத்தது. சூளையில் பூச்சு ஒழுகி, இரண்டு கண்ணும் மூடிப்போன ஆந்தை. அவர் அதை விஷயம் புரியாமல் வீட்டு ஷோகேஸில் வைத்துவிட்டார். வந்தவர்கள் எல்லாம், "அடடே, மூளி அண்ணன் வந்தாரா?" என்று கேட்டபிறகுதான் புரிந்தது. அன்றிலிருந்து எதிரே சைக்கிள் வந்தால்கூட லைட்டைத் தாழ்த்திவிடுகிறார்.

ஹெல்மெட் போடாமல் போன ஒரு போலீஸ்காரருக்குத் தலை போன போலீஸ் பொம்மை போனது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவர் அதை வாங்கிக்கொண்டார். மறுநாள் புது ஹெல்மெட்டோடு வந்தார். வந்தவர் மூளி அண்ணன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, "பின்னாடி ஒரு லைட்டு எரியல" என்று அபராதம் போட்டுவிட்டார். மூளி அண்ணனுக்கு அதில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "மனுசன் ரெண்டு பக்கமும் ஒழுங்கா இருக்காருடா" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்காத தப்பு ஒன்று உண்டு. கேட் மூடியிருக்கும்போது இடது பக்கம் வரிசையில் நிற்காமல், காலியாக இருக்கிற வலது பக்கத்திலும் போய் அடைத்துக்கொண்டு நிற்பது. "எதிர்ல வரவங்க எந்த வழியா வருவாங்க? ஆகாசத்துலயா?" என்று பல்லைக் கடிப்பார். அப்படி நிற்பவர்களுக்குத் தருவதற்காகவே, முகம் முதுகுப் பக்கம் திரும்பிப்போன பொம்மைகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுவார். நானும் எடுத்து வைப்பேன்.

இப்போது ஏர்ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெண்ணாடத்துக்கு ஓடும் ஒரு பஸ்ஸின் டிரைவருக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. மற்றவர்கள் ஹாரன் அடிப்பது ஆள் விலகுவதற்காக. இவர் அடிப்பது, தான் நலமாக இருப்பதை ஊருக்குத் தெரிவிப்பதற்காக. அந்தச் சத்தத்தில் டீக்கடைப் பால் அடுப்பில்லாமலே பொங்கும். ஒரு நாள் மூடிய கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, ரயில் தாண்டிக்கொண்டிருக்கும்போதே விடாமல் அடித்தார். ரயிலை என்ன செய்யச் சொல்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை.

மூளி அண்ணன் இறங்கினார். சாக்கில் இருந்ததிலேயே பெரிய யானையை எடுத்தார். இரண்டு காதும் இல்லை. பஸ்ஸின் டிரைவர் ஜன்னலுக்கு எக்கி நீட்டினார்.

"என்னாய்யா இது?"

"யானைங்க. வெச்சுக்குங்க. உங்க வண்டிக்குப் பொருத்தமா இருக்கும்."

"காது எங்க?"

"உங்க பஸ்ஸுக்கு முன்னாடி போய்க்கினு இருந்துச்சுங்க. போயிடுச்சு."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் விசில் ஊதப் போனவர், சிரிப்பில் வெறும் காற்றை ஊதினார். ஏர்ஹாரன் முகம் சிவந்துவிட்டது. யானையைப் பிடுங்கி ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தார்.

"ஒரு நாளைக்கு நீ எங்கிட்ட மாட்டாமலா போவ? அன்னிக்கு இதே யானைய உன் கையில குடுக்கறேன் பாரு!"

சொல்லிவிட்டு, பெண்ணாடம் வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லையாம்.

சில மாதம் கழித்து மூளி அண்ணனின் மகள் தேன்மொழியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைப் பையன் சர்க்கரை ஆலையில் வேலை. உறவுக்காரர் ஒருவர் சொல்லி வந்த இடம். எதிர் வீடு என்பதால் நானும் என் மனைவியும் பாய் விரித்து, தண்ணீர் கொடுத்து உதவிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூளி அண்ணன் கை கூப்பிக்கொண்டு எதிரே வந்தார். கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது.

வந்தவர் ஏர்ஹாரன்.

"பொம்மைக்காரரு வூடா இது?" என்றார் அவர்.

 அடுப்படியில் பஜ்ஜி பொரியும் சத்தம் மட்டும் கேட்டது. பையனோ தேன்மொழியைப் பார்த்துவிட்டான். தேன்மொழியும் பையனைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்த ஏர்ஹாரன் தொண்டையைச் செருமினார். அதுவும் ஹாரன் மாதிரிதான் கேட்டது.

"பையனுக்குப் புடிச்சிருக்குது. அதுல நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. நிச்சயதார்த்தம் முடியறதுக்குள்ள எங்கைக்கு இன்னொரு பொம்மை வந்துச்சுன்னா, இந்த சம்பந்தம் கெடையாது. நாலு பேரு முன்னாடி சொல்லிட்டேன்."

அவர்கள் போனதும் அண்ணி முதல் வேலையாகப் பொம்மைச் சாக்கைத் தூக்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்தார்கள். "நிச்சயம் முடியற வரைக்கும் ரோட்டுல யாரு என்ன பண்ணாலும் நீங்க கண்ண மூடிக்கணும்" என்றார்கள்.

"கண்ண மூடிக்கினு எப்படிம்மா வண்டி ஓட்டறது?"

தேன்மொழி அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, எனக்கு அவரப் புடிச்சிருக்குது. ஊரு ரோட்டையெல்லாம் நீ பாத்தது போதும். கொஞ்சம் என்னையும் பாருப்பா."

 மூளி அண்ணன் எழுந்துபோய் அரிசி மூட்டையை இன்னும் கொஞ்சம் சுவரோடு சேர்த்துத் தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு இருக்கிறதே! அந்தப் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டும்போதெல்லாம் தோளில் இருக்கிற துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார். அந்த வகையில் இரண்டு துண்டு கிழிந்தது. நாளாக ஆக, அந்தப் பஸ்ஸின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில், வளைவில் மட்டும் ஒரு சின்ன 'பாம்' என்று ஆகிவிட்டது. மூளி அண்ணன் வருத்தப்பட்டார். "பாவம்டா, ஹாரன் ரிப்பேராயிட்டு இருக்கும். ஓனரு செஞ்சி குடுக்க மாட்டாரு போல."

நிச்சயதார்த்த நாள் வந்தது. காலையிலேயே அவர் ஒரு யோசனையோடு வந்தார்.

"பீங்கான் ஊருக்கு வந்து அவங்க பேப்பர் கப்புல டீ குடிச்சா நமக்கு அசிங்கம்டா. வா, சூளைல போயி புதுக் கப்பு எடுத்துக்கினு வந்துரலாம்."

போனோம். கப்புகளை வைக்கோலில் அடுக்கி ஏற்றினோம். வழியில் வாங்கிய நிச்சயதார்த்த மாலைகளை என் மடியில் வைத்துக்கொண்டேன். நேரத்தோடு திரும்பியிருக்கலாம். வழியில் ஒருவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி பைக் ஓட்டிப் போனார். மூளி அண்ணனின் மூச்சு மாறியது.

"அண்ணே, இன்னிக்கு வேணாம். சாக்குதான் வூட்டுல இருக்குதே" என்றேன்.

அவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டார். கழுத்து ஒடிந்த கிளி ஒன்று வந்தது! "ஒண்ணே ஒண்ணு, அவசரத்துக்குன்னு வெச்சிருந்தேன்" என்றார். பைக்கில் போனவர் ஒரு மெடிக்கல் கடையில் நிற்கும்வரை பின்னாலேயே மெதுவாகப் போய், கிளியைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார்.

சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார். "வண்டி ஓடும்போது போனு கெடையாது." நான் எடுக்கிறேன் என்றாலும் விடவில்லை. "நீ பேசுனா எங்காது அங்கதான் போவும்."

ரயில் கேட்டுக்கு வந்தால், மூடியிருந்தது. இடது பக்கம் வரிசை டீக்கடையையும் தாண்டி நின்றது. வண்டியை அணைத்துவிட்டுப் போனை எடுத்தார். அண்ணி பேசியது எனக்கே கேட்டது.

"எங்க இருக்கீங்க? மாப்ள வூட்டுக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. ராகுகாலம் வரதுக்குள்ள தட்டு மாத்தணும்னு அய்யரு பறக்கறாரு. பொண்ணப் பெத்தவரு எங்கன்னு மாப்ளயோட அப்பா கேக்கறாரு, நான் என்னத்த சொல்ல? தேனு அழுதுக்கினு இருக்கறா!"

போனை வைத்தார். முன்னால் இருந்த வரிசையைப் பார்த்தார். பிறகு அவர் கழுத்து மெல்ல வலது பக்கம் திரும்பியது. அங்கே கேட் வரைக்கும் காலி.

"அண்ணே!" என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்தான்டா" என்றார்.

பிள்ளைகளே, ரோட்டில் தப்பு செய்கிற எல்லாரும் சொல்கிற வார்த்தை அது. அதை அன்றைக்கு மூளி அண்ணன் வாயாலேயே கேட்டேன்.

வண்டி வலது பக்கம் போனது. ஒரு நொடி ரோடே திகைத்து நின்றது. அடுத்த நொடி, "மூளி அண்ணனே போறாருடா!" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். ஷேர் ஆட்டோ, பைக்குகள், கடைசியில் கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாம் எங்கள் பின்னால் வந்து அடைத்துக்கொண்டன. நாங்கள் கேட்டுக்கு நேர் முன்னால் நின்றோம். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று, கல்யாண ஊர்வலம் மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் மூளி அண்ணன் ஹாரனை அழுத்திவிட்டார்.

அந்த வண்டிக்கு ஹாரன் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரியும். முதலில் அது இருமியது. பிறகு ஆட்டுக்குட்டி மாதிரி கத்தியது. பிறகு நிற்கவே இல்லை! இத்தனை வருஷம் அழுத்தாத பொத்தான் உள்ளே போய் அப்படியே சிக்கிக்கொண்டது. அவர் தட்டுகிறார், நோண்டுகிறார், கெஞ்சுகிறார். அதுவோ இத்தனை வருஷக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தது. கூட்ஸின் கடைசிப் பெட்டி தாண்டியது. கேட் மேலே போனது.

எங்களுக்கு நேர் எதிரே, தன் இடது பக்கத்தில் ஒழுங்காக, ஒரு வேன் நின்றது. ஓட்டிக்கொண்டிருந்தவர் ஏர்ஹாரன். சம்பந்தியைக் காணோம் என்று அவரே தேடிக்கொண்டு வந்திருக்கிறார். வேனின் கண்ணாடிக்கு உள்ளே, காது இல்லாத யானை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் குதித்து இறங்கி ஹாரன் வயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது.  ஏர்ஹாரன் யானையைக் கையில் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தைத் தாண்டி நடந்து வந்தார். மூளி அண்ணன் இறங்கி நின்றார். 

ஏர்ஹாரன் இரண்டு கையாலும் நீட்டினார்.

"வெச்சுக்குங்க. உங்க வண்டிக்குப் பொருத்தமா இருக்கும்."

மூளி அண்ணனும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "தப்பு என்னுதுங்க" என்றார்.  "எம்பொண்ணு மேல காட்டிறாதீங்க. அவளுக்குத் தம்பியப் புடிச்சிருக்குது."

"நான் என்னா சொன்னேன்?" என்றார் ஏர்ஹாரன். "எங்கைக்கு இன்னொரு பொம்மை வந்தா சம்பந்தம் இல்லன்னு சொன்னேன். உங்க கைக்கு வந்தா இல்லன்னா சொன்னேன்?"

மூளி அண்ணன் விழித்தார்.

"இத்தினி மாசமா இந்தச் சனியன வெச்சுக்கினு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஹாரன்ல கை வெக்கும்போதெல்லாம் மொறைச்சுக்கினு நிக்குது. அடிக்கறதே வுட்டுப் போச்சு! எப்படா உங்ககிட்டத் திருப்பிக் குடுக்கலாம்னுதான் எந்த வண்டி ஏறினாலும் கூடவே தூக்கிக்கினு திரியறேன். இனிமே உங்களப் பாக்கட்டும். மொதல்ல வண்டியப் பின்னாடி எடுங்க, சம்பந்தி!"

அவர் சம்பந்தி என்று சொன்னதும் ரோடு முழுக்கக் கை தட்டியது. தட்டிய பிறகுதான், பின்னால் எடுக்க வேண்டியது தாங்களும்தான் என்று எல்லாருக்கும் உறைத்தது. ஏர்ஹாரன் வேட்டியை மடித்துக் கட்டினார். "வா, வா, வா... நீ ஓரமா ஒடி... ஏய் ஆட்டோ, நீ எங்க போற?" என்று வெறும் வாயாலேயே அத்தனை வண்டியையும் பின்னால் நகர்த்தினார். கரும்பு டிராக்டர் மட்டும் ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் போனது. அதற்கு முகம் திரும்பிய பொம்மை ஒன்று கொடுத்திருக்கலாம். ஆனால் அன்றைக்குக் கொடுக்கிற நிலையில் நாங்கள் இல்லை.

ராகுகாலம் வாசலுக்கு வருவதற்குள் தட்டு மாற்றிவிட்டார்கள். தேன்மொழி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். புதுக் கப்பில் டீ வந்தது. வந்த குலுக்கலில் ஒரே ஒரு கப்புக்கு மட்டும் காது உடைந்திருந்தது. என் மனைவி அதை ஒதுக்கி வைக்கப் போனபோது ஏர்ஹாரன் கை நீட்டினார்.

"அத எனக்குக் குடும்மா. எனக்கு மூளி பழகிப்போச்சு."

வண்டி ஓட்டிய நாள் வரைக்கும் அந்த யானை மூளி அண்ணனின் ஸ்டியரிங்குக்கு முன்னால்தான் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டுவார். யாருக்காவது மூளி கொடுக்க இறங்கும்போது, முதலில் யானைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் இறங்குவார். பேத்தி பிறந்த பிறகு வண்டியைக் கொடுத்துவிட்டு, பெண்ணாடத்தில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே போய்விட்டார். இப்போது இரண்டு சம்பந்திகளும் சாயங்காலம் கடைத்தெருவில் நின்று, போகிற வண்டிகளைப் பார்த்து, யாருக்கு எந்த மூளி என்று சண்டை போடுகிறார்களாம்.

எங்கள் தெருவில் எதிர் வீட்டுக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். ஆனாலும் சூளையைத் திறக்கும்போது காது போன யானை ஒன்று கண்ணில் பட்டால், நான் அதை உடைசல் கூடையில் போடுவதில்லை. பெண்ணாடம் போகும்போது கொடுக்கலாம் என்று, மேற்கொண்டு உடையாமல் இருக்க நல்ல துணியாகப் பார்த்துச் சுற்றி வைக்கிறேன்.